ஒரு கையும் 350 கோணங்களும்

“என் மகள் அழகாகப் படம் வரைகிறாள், பட்டமேற்படிப்பாகக் கணிப்பொறி வரைகலையும் அசைவூட்டமும் படிக்க வைக்கலாமா?” என்று வினவும் பெற்றோர் இன்று பலர். திரையில் துள்ளும் பொம்மைகளைக் கண்டு மகிழும் நாம், அவற்றின் பின்னாலுள்ள படிப்பு எத்தகையது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. அதனை அறிய, இத்துறை வளர்ந்த தொட்டில்களுள் ஒன்றான அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தை நோக்குவோம்.

எட்வின் கேட்மல் அங்கு ஆய்வு மாணவர். இளமையில் அசைவூட்ட ஓவியராக விரும்பியவர். அதற்கேற்ற கைத்திறன் தமக்கு இல்லையென்று கருதி, இயற்பியலும் கணிப்பொறி அறிவியலும் பயின்றார். 1972இல் தம் இடக்கையைப் பாரிஸ் சாந்தில் வார்த்தெடுத்து, அவ்வார்ப்பின்மேல் ஏறத்தாழ 350 முக்கோணங்களையும் பலகோணங்களையும் வரைந்தார். முனை ஒவ்வொன்றையும் அளந்து எண்ணாக்கிக் கணிப்பொறிக்கு ஊட்டினார். விரல்கள் மடங்கி விரியும் குறும்படம் பிறந்தது. வரையத் தெரியாதென்று ஒதுங்கியவரின் கையே திரையில் அசைந்தது!

ஆயினும் தட்டையான துண்டுகளால் அமைந்த உருவம், பட்டை தீட்டிய கல்லைப் போலத்தான் தோன்றும். அங்கேயே பயின்ற ஆன்றி கூரோ, முனைகளில் மட்டும் நிறத்தைக் கணித்து, இடைப்பரப்பில் அதனைப் படிப்படியாகக் கலக்கும் முறையை 1971இல் அளித்தார். அதற்காகத் தம் மனைவியின் முகத்தின்மீதே கோடுகள் வரைந்து அளந்தாராம். அவ்வம்மையாரின் பொறுமையை நம் இல்லத்தரசிகள் மெச்சுவர்!

கூரோவின் முறையில் பளபளப்பு சரியாக விழவில்லை. வியட்நாமில் பிறந்த புய் துவாங் ஃபோங், நிறத்தைக் கலப்பதற்கு மாறாக, பரப்பு எத்திசை நோக்குகிறது என்பதையே புள்ளிதோறும் கணித்தார். ஆப்பிளின் மேல் விழும் வெள்ளொளிப் பொட்டு இப்போது இயல்பாக அமைந்தது. 1973இல் ஆய்வேட்டை முடித்த அவர், இரத்தப் புற்றுநோயால் 1975இல் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய அம்முறையை மாணவர் இன்றும் கற்கின்றனர்.

கேட்மலோ 1974இல் முனைவரானார். பின்னர் அவர் தலைமையேற்று வளர்த்த பிக்சார் நிறுவனமே, முழுவதும் கணிப்பொறியில் உருவான முதல் முழுநீளப் படமான ‘டாய் ஸ்டோரி’யை 1995இல் அளித்தது.

இனி அந்த மகளைப் பற்றி. கணிப்பொறி அறிவியல் துறையில் வரைகலை பயில்வோருக்கு வெக்டரும் அணிகளும் நுண்கணிதமும் நாள்தோறும் வேண்டும். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் போன்ற இடங்களில் கற்பிக்கப்படும் அசைவூட்டப் படிப்போ கதை, ஓவியம், அசைவு ஆகியவற்றைச் சார்ந்தது. இரண்டும் மேற்படிப்பே, ஆனால் வேண்டும் திறன் வேறு. மென்பொருளை இயக்க மட்டும் பழக்கிவிட்டுப் பெருந்தொகை பெறும் பயிற்சியகங்கள் மூன்றாம் வகை. ஆகவே கடன் பத்திரத்தில் கையொப்பமிடுமுன் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். முதல் பருவத்துப் பாடங்களை மகளே உரக்கப் படிக்கட்டும். அப்போது அவள் முகத்தைப் பாருங்கள்.