கழுத்து என்ன, கேமரா மாட்டும் ஆணியா?

இது கொஞ்சம் நீளமான பதிவு, கொஞ்சம் கோபமான பதிவும்கூட. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். அங்கே படம் எடுத்துக்கொண்டிருந்தவன் என்னிடம் ஏழாம் வகுப்பு படித்தவன். பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். சாதத்தைப் பிசைந்து எடுத்தால் விரலிடுக்கில் சிந்துகிறது. "கையில என்னப்பா?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல சார், ரெண்டு விரல் மரத்துப் போச்சு. ஆறு மாசமா இப்படித்தான். தொழில்னா இருக்கும் சார்" என்று சிரித்தான். நாற்பதுகூட ஆகவில்லை. இரண்டு பெண் குழந்தைகள். சாப்பிடும்போதும் கழுத்தில் கேமரா தொங்கிக்கொண்டிருந்தது.

"தொழில்னா இருக்கும்" என்ற அந்தச் சொல்தான் எனக்குப் பிடிக்கவில்லை. வலியைத் தாங்குவதே திறமை என்று யாரோ இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அது பொய்.

நானும் அந்தப் பொய்யை நம்பியவன்தான். பணி ஓய்வுக்குப் பிறகு பறவைகளைப் படம் எடுக்க ஒரு கேமராவும் பெரிய டெலி லென்ஸும் வாங்கினேன். முதல் பயணம் கூந்தன்குளம். மஞ்சள் மூக்கு நாரைகளைப் பார்த்த மகிழ்ச்சியில் ஐந்து மணி நேரம் கேமராவைக் கழுத்திலேயே தொங்கவிட்டு நடந்தேன். மறுநாள் தலையைத் திருப்ப முடியவில்லை. மூன்று வாரம் பிசியோதெரபி. "கழுத்து நரம்பு அழுந்தினா கையும் மரத்துப்போகும் சார், விளையாட்டில்லை" என்று அந்தத் தம்பி எச்சரித்து அனுப்பினார். அதன் பிறகுதான் மளிகைக்கடைத் தராசில் என் கேமராவை வைத்துப் பார்த்தேன். மூன்று கிலோவுக்கு மேல்!

லென்ஸின் எடையை மட்டும் சொல்கிறேன். நிக்கான் 200-500 லென்ஸ் 2 கிலோ 300 கிராம். சோனி 200-600 லென்ஸ் 2 கிலோ 115 கிராம். கல்யாண வீடுகளில் பார்க்கும் 70-200 லென்ஸ்களில் பல ஏறத்தாழ ஒன்றரை கிலோ. கேமரா, ஃபிளாஷ் எல்லாம் இதற்கு மேல். நம் தலையே ஐந்து கிலோ அளவு இருக்கும். அதைத் தூக்குவதற்கே படைக்கப்பட்ட கழுத்தில் இன்னொரு மூன்று கிலோவைக் கட்டித் தொங்கவிடுவது என்ன நியாயம்?

நம் பாட்டிமார் குடத்தை எங்கே வைத்தார்கள்? இடுப்பில். விறகுக்கட்டைத் தூக்கியவர்கள் தலையில் சும்மாடு வைத்தார்கள். காவடி தூக்குகிறவர் எடையை இரண்டு பக்கமும் சமமாகப் பிரித்தார். தண்ணீர்க் குடத்தைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நடந்த ஒருவரை யாராவது பார்த்ததுண்டா? எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குத் தெரிந்த அறிவியல், லட்ச ரூபாய் லென்ஸ் வாங்கும் நமக்குத் தெரியவில்லை.

கேமராப் பெட்டிக்குள் ஒரு வார் தருகிறார்களே, அதைப் பாருங்கள். எல்லாக் கம்பெனியும் தன் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கும். அது உங்கள் கழுத்துக்காகச் செய்ததா, விளம்பரத்துக்காகச் செய்ததா? லென்ஸுக்கு ஒன்றரை லட்சம் கடன் வாங்குகிறவன், நல்ல வாருக்குச் சில ஆயிரம் செலவு செய்யக் கணக்குப் பார்க்கிறான். செருப்பில்லாமல் பட்டுவேட்டி கட்டிக்கொண்டு முள்ளில் நடப்பது போல இருக்கிறது.

நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்தவன். பெரிய இயற்பியல் எல்லாம் தெரியாது. ஆனால் உங்களுக்கு நெம்புகோல் பாடம் நடத்தியிருக்கிறேன். எடை உடம்பை விட்டு விலக விலக, தசைக்கு வேலை கூடும். வயிற்றுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு ஆடும் லென்ஸ் நம்மை முன்பக்கம் இழுக்கிறது, முதுகு பின்பக்கம் இழுத்துப் பிடிக்கிறது. இந்தக் கயிறிழுக்கும் போட்டி நாள் முழுக்க நடக்கிறது.

தீர்வு கஷ்டமில்லை. வாரை ஒரு தோளிலிருந்து எதிர்ப்பக்க இடுப்புக்குக் குறுக்காகப் போடுங்கள், பூணூல் மாதிரி. பெரிய லென்ஸின் அடியில் ஒரு கால் இருக்கும். அதில் வாரை மாட்டுங்கள், கேமரா உடலில் மாட்டாதீர்கள். அப்போதுதான் கேமராவும் லென்ஸும் சேருமிடத்தில் இழுவை வராது. லென்ஸ் தலைகீழாக இடுப்போரம் தொங்கும். இரண்டு கேமரா வைத்திருப்பவர்கள் இரண்டு தோளிலும் மாட்டும் ஹார்னஸ் வாங்குங்கள். நெடுந்தூரம் நடந்தால் இடுப்புப் பட்டை உள்ள பையில் வையுங்கள். அந்தப் பட்டையை இறுக்கிக் கட்டினால்தான் எடை தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கும். நின்ற இடத்தில் காத்திருக்கும்போது மோனோபாட் போட்டுக்கொள்ளுங்கள்.

"குறுக்கு வாரில் திருகு கழன்றால் கேமரா போச்சே சார்" என்று கேட்பீர்கள். நியாயமான பயம். கிளம்பும்போது ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை திருகை இறுக்குங்கள். கூடவே ஒரு பாதுகாப்புக் கயிறும் கட்டுங்கள். "எடுக்கிறதுக்குள்ள பறவை பறந்துடும்" என்பார்கள். இடுப்போரம் இருப்பதை ஒரே வீச்சில் கண்ணுக்குக் கொண்டுவரலாம். கழுத்து பிடித்துக்கொண்டவனுக்குத்தான் பறவை பறந்தபின் தலை திரும்பும்!

"கொடிக்குக் காய் பாரமா சார்?" என்று ஒருவன் என்னிடமே பழமொழி சொன்னான். தம்பி, பூசணிக்கொடி காயைத் தரையில் வைத்துத்தான் வளர்க்கிறது. புடலைக்கு நாம் பந்தல் போடுகிறோம். தாங்க ஒரு ஏற்பாடு இருப்பதால்தான் கொடிக்குக் காய் பாரமில்லை. பந்தலைப் பிடுங்கிவிட்டுப் பழமொழி பேசாதே.

காட்டுயிர்ப் படங்களுக்குப் பேர்போன மா.கிருஷ்ணன் (1912–1996), எழுத்தாளர் மாதவையாவின் மகன், யானை மீது அமர்ந்தும் படம் எடுத்தவர். அதனால் அவர் படங்களின் மதிப்புக் குறைந்துவிட்டதா?

இப்போது சொந்தங்களுக்கு. நம் வீட்டுக் கல்யாணத்தில் படம் எடுக்கிறவர் விடிகாலை முகூர்த்தத்திலிருந்து ராத்திரி வரவேற்பு வரை நிற்கிறார். ஐந்து நிமிடம் உட்கார்ந்தால், "காசு வாங்கிட்டு உட்கார்ந்திருக்கான்" என்கிறோம். மேடையோரம் அவருக்கு ஒரு நாற்காலி போட்டால் என்ன குறைந்துவிடும்? ஸ்டூடியோ முதலாளிகளாக இருக்கும் என் மாணவர்களே, உதவிக்கு வரும் பையனின் கழுத்தில் மூன்றாவது பையையும் மாட்டாதீர்கள். அவனும் யாரோ ஒரு வாத்தியாரின் மாணவன்தான்.

இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி இல்லை என்பதும் தெரியும். பள்ளிப்பையின் எடை குழந்தையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்று 2020இல் மத்திய அரசு கொள்கையே வெளியிட்டது. நானோ பணியில் இருந்த காலம் முழுக்க, "எல்லா நோட்டும் கொண்டு வந்தியா?" என்று கேட்டேனே தவிர, "பை கனக்குதா?" என்று ஒரு பிள்ளையிடமும் கேட்டதில்லை. தாங்கிக்கொண்டு சும்மா இருப்பவன் நல்ல பையன் என்று உங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் நானும் ஒருவன். அந்தப் பாடத்தை இன்று திரும்பப் பெறுகிறேன்.

பழைய சாலைகளின் ஓரத்தில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். பிள்ளைத்தாய்ச்சியாக இறந்துபோன பெண்ணின் நினைவாக நட்டது என்று பெரியவர்கள் சொல்வார்கள். இறக்கி வைக்க முடியாமல் போன ஒரு சுமைக்காக, வழியில் போகிறவர்கள் எல்லாரும் தங்கள் சுமையை இறக்கி வைக்க ஓர் இடம். அதைவிடப் பெரிய பாடம் என்னிடம் இல்லை.

வீட்டுப்பாடம்: இன்றே உங்கள் கேமராவைத் தராசில் வைத்து, எடையைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். விரல் மரத்துப்போகிறவர்கள் பின்னூட்டம் போட வேண்டாம், முதலில் டாக்டரிடம் போங்கள். கல்யாணத்தில் பார்த்த அந்த மாணவனை நாளை நானே கூட்டிக்கொண்டு போகிறேன். வர மறுத்தால், ஏழாம் வகுப்பில் பிடித்த அதே காதைப் பிடிப்பேன்.

அன்புடன்,
உங்கள் சார்