கருமாதி முடிந்த பிறகு யார் வருவார்?

புற்றுநோய் முற்றிப் படுக்கையில் கிடப்பவரைத் தேடி வட்டாரச் செவிலியர் வீட்டுக்கே வருகிறார். புண்ணுக்குக் கட்டு மாற்றுகிறார். மார்பின் மாத்திரையை எத்தனை மணிக்கொரு தரம் கொடுப்பது என்று மனைவிக்கோ மகளுக்கோ சொல்லித்தருகிறார். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மெச்சத்தக்க பகுதி இந்த வலி நிவாரண, நோய் ஆதரவு சிகிச்சைதான். ஆனால் நோயாளி கண்மூடியதும் அந்த வீட்டுக்கும் செவிலியருக்குமான தொடர்பு பெரும்பாலும் அறுந்துவிடுகிறது. அது தொடர வேண்டும் என்பதே நம் நிலைப்பாடு.

துக்க வீட்டில் ஆளுக்கா பஞ்சம், உற்றார் உறவினர் இல்லையா என்று கேட்பார்கள். உண்டு, பதினாறாம் நாள் வரை. பந்தல் பிரித்து, பாத்திரக் கடைக்காரருக்குக் கணக்கு முடித்த பிறகுதான் அந்தப் பெண் தனியாக உட்கார்ந்து யோசிக்கிறாள். “ராத்திரி நான் கொடுத்த அந்தக் கடைசி மாத்திரையாலதான் போயிட்டாரோ?” “ரெண்டு நாளா ஒரு வாய் கஞ்சிகூட இறங்கல, பசியோட அனுப்பிட்டேனே!” இந்தக் கேள்விகளுக்குப் பங்காளிகளிடம் பதில் கிடையாது. சிலர் எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுவதும் உண்டு: “பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்கலாமே!” உரிய அளவில் கொடுத்த மார்பின் உயிரைப் பறிப்பதில்லை, கடைசி நாட்களில் உடலே சோற்றை வேண்டாமென்கிறது என்று அவள் நம்பும்படி சொல்லக்கூடியவர், அந்த மாத்திரையைக் கையில் கொடுத்த செவிலியர்தான்.

இது புதிய யோசனையும் அல்ல. நோய் ஆதரவு சிகிச்சைக்கு உலக சுகாதார நிறுவனம் 2002-இல் தந்த வரையறையே, இறப்புக்குப் பின் குடும்பத்தைத் தாங்குவதையும் அதன் கடமையாகச் சொல்கிறது. அமெரிக்காவில் மெடிகேர் என்னும் அரசுக் காப்பீட்டின் கீழ் இயங்கும் ஹாஸ்பிஸ்கள் (இறுதிக்கால நோயாளிகளுக்கான பராமரிப்பு அமைப்புகள்), இறப்புக்குப் பின் ஓராண்டு வரை குடும்பத்துக்குத் துக்க ஆலோசனை அளிக்க வேண்டும் என்பது விதி. அதற்கென்று தனிக் கட்டணம் மட்டும் அங்கே கிடையாது. அந்தக் குறையையும் சேர்த்து இறக்குமதி செய்யாமல், செவிலியரின் நேரத்துக்கும் வண்டிக்கும் இங்கே முதலிலேயே நிதி ஒதுக்கிவிட வேண்டும்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கருமாதி முடிந்த வாரத்தில் ஒருமுறை, மூன்றாம் மாதம் ஒருமுறை, ஆறாம் மாதம் ஒருமுறை செவிலியர் போய்வரட்டும். முதல் முறை போகும்போதே மிச்சமிருக்கும் மார்பினைத் திரும்பப் பெறலாம்; இறப்பை 21 நாட்களுக்குள் பதிந்தாயிற்றா, வாரிசுச் சான்றிதழுக்கும் விதவை உதவித்தொகைக்கும் மனுக் கொடுத்தாயிற்றா என்று கேட்கலாம். தாலுகா அலுவலக வாசல் மிதித்தே பழகாத பெண்ணுக்கு இதுவும் ஆறுதல்தான். ஆறு மாதம் கடந்தும் அடுப்புப் பற்றவைக்க மனமில்லாமல், பிள்ளைகளைக் கவனிக்காமல் முடங்கிக் கிடந்தால், அது வெறும் அழுகை அல்ல. நீடித்த துக்கத்தை ஒரு நோயாகவே உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் இன்று ஏற்கிறது. அப்படிப்பட்டவரை மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் கைபிடித்துச் சேர்க்க வேண்டும்.

இருக்கிற செவிலியர்களுக்கே வேலைப்பளு கழுத்தை நெரிக்கிறது என்பது நியாயமான முறையீடு. ஆகவே கூடுதல் பணியிடம் தராமல் இந்தப் பொறுப்பை மட்டும் அவர்கள் தலையில் கட்டக் கூடாது. இரண்டுக்கும் சேர்த்தே மக்கள் நல்வாழ்வுத் துறை வரும் நிதிநிலை அறிக்கையில் பணம் ஒதுக்கி, ஆணை பிறப்பிக்க வேண்டும்.