இவ்வளவு தூரம் வந்தாச்சே!

மலைப் பயணத்தில் குறுக்கே ஆறு வந்தால் என்ன செய்வது என்று யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். மூச்சு விடாமல் பத்து டிப்ஸ் கொட்டுவார்கள். ஷூவைக் கழற்றாதே, கம்பை ஊன்று, பையின் பட்டையை அவிழ், ஓட்டத்தைப் பார்த்து நில்... எல்லாம் சரிதான். ஆனால் "இன்றைக்கு இந்த ஆற்றைக் கடக்கவே வேண்டாம்" என்பது மட்டும் அந்தப் பட்டியலின் அடியில், போனால் போகிறது என்று ஒட்டிக்கொண்டிருக்கும். அது முதல் வரியாக இருக்க வேண்டும். மற்ற ஒன்பதும் அதற்கு அப்புறம்தான்.

சும்மா பொதுவாகப் பேசாமல் ஒரு இடத்தை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மவுண்ட் ரெய்னியர். 14,410 அடி உயர எரிமலை, தலை முழுக்கப் பனி. சியாட்டில் பக்கம் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு, மேகம் இல்லாத நாளில் ஊரிலிருந்தே தெரிகிற மலை. அதைச் சுற்றி 93 மைல், அதாவது சுமார் 150 கி.மீ. நீளத்துக்கு ஒரு பாதை போகிறது. பெயர் வொண்டர்லேண்ட் ட்ரெயில். கிளம்பிய இடத்துக்கே திரும்ப வந்து சேரலாம். நம்ம திருவண்ணாமலை கிரிவலப் பாதையைக் கிட்டத்தட்டப் பதினோரு மடங்கு நீட்டி, தார் ரோட்டை எடுத்துவிட்டு, ஏற்ற இறக்கத்தைச் சேர்த்துக்கொண்டால் வரும். முழுச் சுற்றுக்குப் பத்து முதல் பதினாலு நாள் ஆகும்.

மலையைச் சுற்றுகிறோம் என்றால் மலையிலிருந்து இறங்கும் ஒவ்வொரு ஆற்றையும் வெட்டித்தான் போயாக வேண்டும். கார்பன், மோவிச், புயல்லப், நிஸ்குவாலி, ஒயிட் என்று வரிசையாக வரும். எல்லாமே பனிப்பாறை உருகி ஓடும் ஆறுகள். பெரும்பாலான இடங்களில் பூங்கா ஊழியர்கள் ஒரு மரத்தடியைச் செதுக்கிக் கைப்பிடி வைத்துக் குறுக்கே போட்டிருப்பார்கள். வெள்ளம் வந்தால் அது போய்விடும். மறுபடி போடுவார்கள், மறுபடி போகும். சவுத் மோவிச் ஆற்றின் மரப்பாலம் இப்படி அடித்துக்கொண்டு போவதற்கே பேர் போனது. 2006 நவம்பரில் 36 மணி நேரத்தில் 18 அங்குல மழை கொட்டியபோது சாலைகளும் பாலங்களும் போய், பூங்காவையே ஆறு மாதம் மூடி வைத்தார்கள்.

இந்த ஆறுகளுக்கு ஒரு குணம் உண்டு. காலையில் ஒரு மாதிரி, சாயங்காலம் வேறு மாதிரி. வெயில் ஏற ஏற மேலே பனி உருகும், அந்தத் தண்ணீர் கீழே வந்து சேரப் பிற்பகல் ஆகிவிடும். காலை ஏழு மணிக்கு முழங்காலுக்குக் கீழே ஓடிய ஆறு மாலை நாலு மணிக்குத் தொடையைத் தொடலாம். பாறையை அரைத்த மாவு கலந்திருப்பதால் தண்ணீர் பால் மாதிரி இருக்கும், அடி தெரியாது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் ஊரில் சொன்னவர்கள் ரெய்னியரைப் பார்த்ததில்லை, ஆனாலும் அச்சு அசலாகப் பொருந்துகிறது. அடியில் கற்கள் உருண்டு மோதும் 'டுக் டுக்' சத்தம் கேட்டால் பேச்சே வேண்டாம். கல்லையே உருட்டுகிற தண்ணீர் உங்கள் காலை விட்டுவைக்காது.

கொஞ்சம் ப்ளஸ் டூ இயற்பியல். ஓடும் தண்ணீர் காலைத் தள்ளும் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நாலு மடங்கு. இடுப்பு வரை இறங்கினால் மிதப்பு விசை உங்கள் எடையையும் குறைத்துவிடும், கால் தரையைப் பிடிக்காது. இதோடு உறைநிலைக்குச் சற்று மேலே இருக்கும் குளிர். சில நிமிடத்தில் பாதம் மரத்துவிடும். "எனக்கு நல்லா நீச்சல் தெரியும்" என்பவர்களுக்கு: கிணற்றில் அடித்த நீச்சல் இங்கே செல்லாது. பாறைக்கும் விழுந்த மரத்துக்கும் நடுவே அடித்துப் போகிறவருக்கு நீந்த இடமே கிடையாது.

இவ்வளவும் தெரிந்தவர்களே ஏன் இறங்குகிறார்கள்? அங்கேதான் வட்டப் பாதையின் விஷமம் இருக்கிறது. போய்த் திரும்பும் பாதையில் ஆறு வழி விடாவிட்டால் திரும்பி விடலாம், எப்படியும் திரும்ப வேண்டியதுதானே. வட்டப் பாதையில் அப்படி இல்லை. எண்பது மைல் நடந்தாயிற்று, இன்னும் பதிமூன்றுதான் பாக்கி, கார் அந்தப் பக்கம் நிற்கிறது. பையில் ஒரு வேளைச் சாப்பாடு. எந்த ராத்திரி எந்த முகாமில் தங்க வேண்டும் என்று பெர்மிட்டில் தேதி போட்டு எழுதியிருக்கிறது. திங்கட்கிழமை ஆபீஸ். உடனே வாயில் வருகிறது அந்த வார்த்தை: "இவ்வளவு தூரம் வந்தாச்சே!"

நடந்து முடித்த எண்பது மைலுக்கும் எதிரே ஓடும் தண்ணீருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நீங்கள் எத்தனை நாள் லீவு போட்டீர்கள் என்று ஆறு கேட்காது. முதல் நாள் காலையில் இதே ஆறு இதே அளவில் ஓடினால் இறங்குவீர்களா? மாட்டீர்கள் என்றால் பத்தாவது நாளும் இறங்கக்கூடாது.

2017-ல் கலிபோர்னியாவின் சியாரா நெவாடா மலைகளில் பனி ஏராளமாகப் பெய்திருந்தது. அந்தக் கோடையில் பசிபிக் கிரெஸ்ட் ட்ரெயில் நடக்க வந்த இரண்டு பெண்கள், வெவ்வேறு இடங்களில், ஆற்றோடு போய் இறந்தார்கள். அது வட்டப் பாதை இல்லை, 2,650 மைல் நீளப் பாதை. ஆனால் நெருக்குவது அதே வார்த்தைதான்.

இனி டிப்ஸ்காரர்களின் செல்லப் பிள்ளையான கயிறு. இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினால் பத்திரம் என்று நினைப்பு. சறுக்கி விழுந்தவரைக் கயிறு ஒரே இடத்தில் இழுத்துப் பிடிக்கும். மேலே வரும் தண்ணீர் அவரை அடியில் அமுக்கும். பயிற்சி இல்லாதவர் கையில் அது தூக்குக் கயிறு. பைப் பட்டை விஷயம் இன்னொன்று. விழுந்தால் பையை உதறிவிட வசதியாக எல்லாப் பட்டையையும் அவிழ் என்று அமெரிக்காவில் சொல்வார்கள். நியூசிலாந்துப் பயிற்சியில், நெஞ்சுப் பட்டையை மட்டும் அவிழ், இடுப்புப் பட்டை இருக்கட்டும், உள்ளே பிளாஸ்டிக் உறை போட்ட பை மிதவையாக உதவும் என்பார்கள். இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. இதைப் பற்றி மணிக்கணக்கில் சண்டை போடுகிறவர்கள், விழாமல் இருப்பது பற்றி ஐந்து நிமிடம் பேசுவதில்லை. அதுதான் எரிச்சல்.

"இப்படிப் பயந்தால் வீட்டிலேயே உட்கார வேண்டியதுதான்" என்று ஒரு குரல் வரும். இல்லை. திரும்பி வருவதற்கும் இடம் வைத்துத் திட்டம் போடுகிறவர்தான் தைரியமாகக் கிளம்ப முடியும். "அரசாங்கம் ஒழுங்காகப் பாலம் கட்டட்டுமே" என்று இன்னொரு குரல். கார்பன் ஆற்றிலும் டஹோமா ஓடையிலும் தொங்கு பாலம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் இந்த ஆறுகள் மண்ணும் கல்லும் கொண்டுவந்து கொட்டித் தடத்தையே மாற்றிக்கொள்பவை. போதாததற்கு 1988-ல் வந்த சட்டப்படி பூங்காவின் 97 சதவீதம் காப்பு வனப்பகுதி. நினைத்த இடத்தில் கான்கிரீட் கொட்ட முடியாது, கொட்டவும் கூடாது.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? கிளம்பும் முன் எந்த மரப்பாலம் இருக்கிறது, எது போயிற்று என்று ரேஞ்சர் அலுவலகத்தில் கேளுங்கள். சந்தேகமான ஆறு முதல் இரண்டு நாளில் வருகிற மாதிரி சுற்றும் திசையைத் தேர்ந்தெடுங்கள், திரும்ப வேண்டி வந்தாலும் நஷ்டம் கொஞ்சம்தான். அந்த ஆற்றுக்கு இந்தப் பக்கமே தங்கி, விடியற்காலையில் கடக்கிற மாதிரி முகாமைக் கேட்டு வாங்குங்கள். ஒரு நாள் சாப்பாடு கூடுதலாகச் சுமங்கள். அந்த ஒரு கிலோ பாரம்தான் கரையில் உட்கார்ந்து காத்திருக்கும் பொறுமையைக் கொடுக்கும். கரையில் நின்று, விழுந்தால் எங்கே போய்ச் சேருவோம் என்று ஓட்டத்தின் போக்கில் பாருங்கள். கீழே அருவியோ, மரக்குவியலோ, குறுகலோ இருந்தால் அந்த இடம் வேண்டாம். ஒரே ஓட்டமாக இருப்பதைவிட ஆறு பல கிளையாகப் பிரிந்து அகலமாக ஓடும் இடம் நல்லது.

இத்தனையும் பார்த்து, தண்ணீர் முழங்காலுக்குக் கீழே, கூட வந்த எல்லோருக்கும் சம்மதம் என்றால் இறங்குங்கள். கூட்டத்தில் ஒருவர் வேண்டாம் என்றாலும் வேண்டாம்தான். பெரும்பாலும் அவர்தான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பார், மற்றவர்கள் காரை நினைத்துக்கொண்டிருப்பார்கள்.