ஒரு கம்பி மிகுதியானால்

1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்ட பின்னர் வன்னியில் மின்சாரம் நின்றது. வானொலிக்கு இடும் மின்கலங்களும் தடைசெய்யப்பட்ட பொருள்களின் வரிசையிற் சேர்ந்தன. 1996இல் கிளிநொச்சியை விட்டுப் பெயர்ந்த குடும்பங்கள் மல்லாவியில் வந்து நிறைந்த காலத்தில், செய்தி கேட்பதற்குத் துணைநின்றது தலைகீழாக நிறுத்திய துவிச்சக்கரவண்டியே. ஒருவர் மிதிகட்டையைக் கையாற் சுழற்ற, ஏனையோர் பி.பி.சி. தமிழோசைக்கோ வேரித்தாஸ் வானொலிக்கோ செவிசாய்ப்பர். எறிகணை எங்கே வீழ்ந்தது, எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று அறியவேண்டியவர்களுக்கு வானொலி பொழுதுபோக்கன்று. அது உறுமத் தொடங்கினால் வீடே கலங்கும்.

உறுமலின் காரணத்தைப் பார்ப்போம். வண்டித் தைனமோ 6 வோல்ற்று, 3 உவாற்று அளவினது. அது தருவது ஆடலோட்டம். வானொலிக்கு வேண்டுவதோ நேரோட்டம். ஆகவே டயோட் எனப்படும் இருவாயிகள் நான்கைப் பாலமாகக் கட்டி, கொள்ளளவியொன்றையும் சேர்த்து மின்னைச் சீராக்குவர். (பாரமின்றி விரைந்து சுழற்றினால் அழுத்தம் 6 வோல்ற்றைக் கடந்து எகிறும், விளக்கையும் உடன் எரியவிடுவது நன்று.)

பிழை நுழையுமிடம் வேறு. வண்டி விளக்கிற்கு ஒரேயொரு கம்பிதான் செல்லும். திரும்பும் பாதை வண்டியின் இரும்புச் சட்டமே. தைனமோவின் உடலும் அச்சட்டத்தோடு தொடுப்புண்டது. இப்பழக்கத்தில் ஊறிய கை, வானொலியின் எதிர்முனைக் கம்பியையும் சட்டத்திலேயே முறுக்கிவிடும். அக்கணமே பாலத்தின் ஓர் இருவாயி குறுக்கிடப்பட்டு வீணாகிறது. ஓட்டத்தின் ஒரு பாதி மற்றோர் இருவாயி வழியே பயனின்றித் திரும்புகிறது. எஞ்சிய பாதியைக் கொண்டே வானொலி பாடவேண்டும். குரல் மெலியும், உறுமல் மிகும், சுழற்சியை விரைவாக்கினால் உறுமலின் சுருதியும் ஏறும். சுருதி ஏறுவதைக் கேட்டதுமே, கோளாறு நிலையத்திலன்று, மின் வரும் வழியிலே என்று துணியலாம். இதையறியாது கொள்ளளவியை மாற்றுவோர் பணத்தையும் இழப்பர், உறுமலையும் போக்கார்.

சோதிக்க அளவுமானி வேண்டா. விளக்குக் குமிழே போதும். தைனமோவின் இரு தொடுப்புகளையும் பாலத்திலிருந்து கழற்றுக. அதன் கம்பியைக் குமிழின் ஒரு முனையிலும், குமிழின் மறுமுனையை வானொலியின் எதிர்முனைக் கம்பியிலும் பிணைத்துச் சக்கரத்தைச் சுழற்றுக. குமிழ் எரிந்தால் அக்கம்பி எங்கோ சட்டத்தைத் தொடுகிறது. பாலத்திற்குத் தனியாக இரு கம்பிகள் இழுத்து, எதிர்முனையைச் சட்டத்தினின்று விலக்கிவிட்டால் உறுமல் அடங்கும்.

தைனமோ தன் இயல்பினாலேயே ஓட்டத்தை அரை அம்பியருக்கு அண்மையிற் கட்டுப்படுத்துவதால், இப்பிழையால் எதுவும் உடனே கருகுவதில்லை. வீட்டிலே கித்தார் ஒலிபெருக்கி அமைக்கும் இளைஞர் இச்சலுகையை எதிர்பார்க்கலாகாது. 230 வோல்ற்று மின்மாற்றியின் துணைச்சுற்றில் ஒரு முனையையும் பாலத்தின் எதிர்முனையையும் ஒருங்கே உலோகப் பெட்டியிற் பொருத்தினால், உருகி எரியும். உருகியின்றேல் மின்மாற்றியே புகையும். முதன்முறை ஆளி இடுமுன் 60 உவாற்று இழைக் குமிழொன்றை மின்வழியிலே தொடராக இணைத்துவிடுக. அது பளிச்சென்று எரிந்தபடியே நின்றால், உடனே ஆளியை அணைத்துக் கம்பிகளை மீளப் பார்க்கவும்.