வீட்டை உருட்டிச் செல்ல விரும்பும் நண்பருக்கு

சென்ற மாதம் திண்டுக்கல்லில் நடந்த ஓர் இலக்கியச் சந்திப்பின் தேநீர் இடைவேளையில் நண்பர் ஒருவர் என்னைக் 'கணக்குப்பிள்ளை' என்று அழைத்தார். நாலு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். வீடு திரும்பும் வழியில்தான் கோபம் வந்தது. இந்தக் கட்டுரை அந்தக் கோபத்தின் விளைவு என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

நான் செய்த குற்றம் இது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியரான என் தாய்மாமன், பணிக்கொடையாக வந்ததில் பெரும்பகுதியைப் போட்டு ஒரு கேரவன் வாங்குவதாக இருந்தார். படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே அமைந்த வண்டி. விலை முப்பது லட்சம் வரை பேசியாகிவிட்டது. "வாங்குவதற்கு முன் அப்படி ஒன்றை நான்கு நாள் வாடகைக்கு எடுத்து, அதில் இருந்து பாருங்கள்" என்றேன். அவ்வளவே.

நண்பரின் வாதம் கேட்பதற்கு அழகாகவே இருந்தது. பயணம் என்பது துணிந்து இறங்குவது. வாடகைக்கு எடுத்துச் சோதிப்பது கடைக்காரனிடம் புடவையை உதறிப் பார்க்கும் புத்தி. அறுபது வயதில் ஒரு மனிதர் வீட்டுச் சுவர்களை உடைத்துக்கொண்டு வெளியேற முற்படும்போது அவர் கையில் நான் கணக்கு நோட்டைத் திணித்துவிட்டேன் என்றார். ஜான் ஸ்டைன்பெக்கைச் சாட்சிக்கு அழைத்தார். இவ்வகை விவாதங்களில் யாராவது ஒரு வெள்ளைக்காரர் சாட்சிக்கு வராமல் இருப்பதில்லை.

சாட்சியையே முதலில் விசாரிப்போம். 1960இல், தம் ஐம்பத்தெட்டாவது வயதில், ஸ்டைன்பெக் ஒரு சிறு லாரியின் மேல் அறை கட்டி, அதற்கு டான் குவிக்ஸோட்டின் குதிரையான ரொசினாந்தேயின் பெயரைச் சூட்டி, சார்லி என்ற நாயுடன் அமெரிக்காவைச் சுற்றி வந்தார். அந்தப் பயண நூல் 1962இல் வெளிவந்தது. அதே ஆண்டு நோபல் பரிசு. இதுவரை நண்பர் சொன்னது சரி. சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. 2010இல் பில் ஸ்டைகர்வால்ட் என்ற பத்திரிகையாளர் அதே பாதையில் பயணம் செய்து, கடிதங்களையும் கையெழுத்துப் பிரதியையும் ஒப்பிட்டு, ஸ்டைன்பெக் பல இரவுகளை விடுதிகளிலும் நண்பர்களின் வீடுகளிலுமே கழித்தார் என்றும், பாதையின் கணிசமான பகுதியில் அவர் மனைவியும் உடன் இருந்தார் என்றும் வாதிட்டார். நூலின் ஐம்பதாம் ஆண்டுப் பதிப்புக்கு முன்னுரை எழுதிய ஜே பரினியும் அதை எழுத்துக்கு எழுத்து உண்மை என்று கொள்ள வேண்டாம் என எச்சரித்தார். ஸ்டைன்பெக்கின் மேதைமைக்கு இதனால் ஒரு குறையுமில்லை. புனைவெழுத்தாளன் புனைந்தான். ஆனால் அதை நம்பி என் மாமா முப்பது லட்சத்தை எடுத்து நீட்ட வேண்டும் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

வண்டியில் வாழ்வதன் இன்னொரு முகமும் அதே நாட்டிலேதான் இருக்கிறது. ஜெசிகா புரூடர் 2017இல் வெளியிட்ட 'நோமாட்லேண்ட்' நூலில் வரும் முதியவர்கள், 2008இன் பொருளாதாரச் சரிவுக்குப் பின் வீட்டு வாடகை கொடுக்க இயலாமல் வண்டிக்குள் குடியேறியவர்கள். அதைத் தழுவிய படத்துக்கு 2021இல் ஆஸ்கர் கிடைத்தது. நம்மவர்கள் அதைப் பார்த்துவிட்டு ஒளிப்பதிவைப் பற்றி மட்டும் பேசுகிறார்கள்.

திண்டுக்கல்லுக்கு வருகிறேன். நாங்கள் எடுத்தது ஓட்டுநருடன் கூடிய வண்டி. டீசலும் ஓட்டுநர் படியும் நீங்கலாக நாளொன்றுக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய். மாமா மார்கழியில் கொடைக்கானல் போகலாம் என்றார். நான்தான் பிடிவாதமாக நின்று சித்திரையில், சமவெளியில் என்று வைத்தேன். நண்பருடைய இரண்டாவது குற்றச்சாட்டும் இதுதான்: "சித்திரை வெயிலில் வேடசந்தூர்ப் பக்கம் சுற்றினால் எவனுக்குத்தான் பிடிக்கும்?" ஐயா, மார்கழியில் கொடைக்கானலில் எதில் இருந்தாலும் பிடிக்கும், சாக்குப் பைக்குள் இருந்தாலும் பிடிக்கும். வாங்கப்போகிற வண்டி பன்னிரண்டு மாதமும் நம் வாசலில் நிற்கப்போவது. அதன் மோசமான மாதத்தில் அதைச் சந்திக்க வேண்டும்.

முதல் நாள் மதியம் வேடசந்தூரைத் தாண்டி ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தினோம். மர நிழல் நகர, வண்டியின் கூரை தகிக்க ஆரம்பித்தது. குளிர்சாதனம் இருக்கிறதே என்பீர்கள். ஒரு டன் குளிர்சாதனம் மணிக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் மின்சாரம் கேட்கும். இரவு எட்டு மணி நேரத்துக்கு, அவ்வப்போது தானே நின்று ஓடினாலும், ஆறு யூனிட்டாவது வேண்டும். எங்கள் வண்டியில் இருந்த 12 வோல்ட், 200 ஆம்பியர்-மணி பேட்டரியில் முழுதாக ஏறினாலே 2.4 யூனிட்தான் நிற்கும். அது பழைய ஈய அமில வகை என்பதால் பாதிக்கு மேல் உறிஞ்சக்கூடாது. மிச்சத்துக்கு எஞ்சினை ஓடவிட வேண்டும், அல்லது யாரிடமாவது மின்சாரம் கேட்க வேண்டும். அன்றிரவு நான்குவழிச்சாலை ஓரத்து டீசல் பங்க் ஒன்றில், எஞ்சின் உறும, புகை வாடையில், லாரிகளின் முகவிளக்குகள் மாறி மாறித் திரைச்சீலையில் விழ, மூவரும் உறங்குவதாகப் பாவனை செய்தோம்.

மூவர் என்று சொன்னேன். நான்காமவர் ஓட்டுநர். படுக்கை நால்வருக்கு என்று விளம்பரத்தில் இருந்தது. ஆனால் குடும்பத்தார் படுத்திருக்கும் இடத்தில் அவர் எப்படிப் படுப்பார்? வண்டிக்கு வெளியே, சிமெண்டுத் தரையில் தார்ப்பாயை விரித்துப் படுத்தார். கொசு. நடுநிசியில் எழுந்த அத்தை தன் போர்வையைக் கொண்டுபோய் அவரிடம் கொடுத்துவிட்டு வந்து, "அந்தத் தம்பி தூங்காமக் கெடந்து நாளைக்கு வண்டிய ஓட்டணும். நாம உள்ள குளுகுளுன்னு படுத்திருக்கோம்" என்றார். மாமா ஒன்றும் சொல்லவில்லை. வண்டியின் வடிவமைப்பிலேயே ஓட்டுநருக்கு இடமில்லை என்பது நிறுவனங்களின் வண்ணப்படங்களில் தெரியாது. ஓர் இரவு படுத்தால்தான் தெரியும்.

அத்தையைப் பற்றி இன்னும் சொல்லவேண்டும். ஏனெனில் என் தரப்பின் மையமே அவர்தான். வண்டி வாங்கும் பேச்சு ஓராண்டாக நடந்துகொண்டிருந்தது. அந்த ஓராண்டில் அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை, நான் உட்பட. மாமாவின் கனவில் அவர் ஜன்னலோரம் அமர்ந்து மலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடைமுறையில் நாலடி அகலச் சமையல் மேடையில் குனிந்து நின்று நாலு பேருக்கு உப்புமா கிளறிக்கொண்டிருந்தார். தொட்டியில் இருந்தது நூறு லிட்டர் தண்ணீர். ஆளுக்கு ஒரு வாளி குளித்தால் எண்பது லிட்டர் காலி. மீதியில் பாத்திரம் கழுவ வேண்டும். கழிவறையின் கழிவுப்பெட்டி இருபது லிட்டர். இரண்டாம் நாளே நிறைந்துவிட்டது. அதை எங்கே கொட்டுவது என்று ஒட்டன்சத்திரத்தில் ஒரு கட்டணக் கழிப்பிடக்காரரிடம் கைகட்டி நின்று கேட்டோம். ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு அனுமதித்தார். ஊர்ப் பெயரிலேயே சத்திரத்தை வைத்திருக்கும் இடத்தில், வீட்டைக் கூடவே இழுத்து வந்தவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைந்த காட்சி நன்றாகத்தான் இருந்திருக்கும். பெட்டியைத் தூக்கியது நான்.

'சுவர்களை உடைத்து வெளியேறும் மனிதர்' என்று நண்பர் உருகினாரே, அந்த மனிதரின் சாம்பார் வாளியைக் கழுவுவது யார் என்று அவர் யோசிக்கவில்லை. விலை கொடுத்து வாங்குவது ஒருவர் கையெழுத்தில் முடிந்துவிடும் காரியம். வாடகைக்கு எடுத்து நான்கு நாள் இருப்பது அப்படியல்ல. அங்கே அத்தைக்கும் ஒரு வாக்கு கிடைக்கிறது. வாடகையை நான் ஆதரிப்பதற்குப் பணத்தைவிட முக்கியமான காரணம் இது.

பணத்தையும் விடுவானேன்? கணக்குப்பிள்ளை என்ற பட்டம் கிடைத்துவிட்ட பிறகு கணக்குப் போடாமல் இருப்பது பட்டத்துக்கு இழுக்கு. முப்பது லட்சத்தை ஏழு சதவீத வட்டிக்கு வைப்பில் போட்டால் ஆண்டுக்கு இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் வருகிறது. நாளுக்குப் பன்னிரண்டாயிரம் வாடகையென்றால் பதினேழு நாள். முதலில் கைவைக்காமல், காப்பீடு, சாலைவரி, டயர் தேய்மானம் என்ற எந்தத் தொல்லையும் இல்லாமல், ஆண்டுதோறும் பதினேழு நாள் வண்டியில் சுற்றலாம். பதினேழு நாளுக்கு மேல் வருஷா வருஷம் சுற்றுவார் என்றால் வாங்கட்டும், நானே போய் எலுமிச்சம்பழம் வைக்கிறேன். ஓய்வூதியர் ஒருவர் பேரன் காதுகுத்து, சொந்தத்தில் கல்யாணம், கண் அறுவை சிகிச்சை எல்லாம் போக எத்தனை நாள் ஊரைவிட்டு நகர்கிறார் என்பதை நண்பர் தம் சொந்தத் தகப்பனாரை வைத்துக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

பழைய வேன் ஒன்றை வாங்கி ஏதாவது பட்டறையில் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்றும் ஓர் யோசனை வந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இதைத் தடுக்கிறது. தயாரிப்பாளர் குறித்த அடிப்படை அமைப்பை மாற்றிய வண்டியைப் பதிவு செய்ய இயலாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. கேரவனுக்கென்றே ஏ.ஐ.எஸ். 124 என்ற தரவிதி உண்டு; அதன்படி ஒப்புதல் பெற்ற வண்டியா என்று பார்ப்பது முக்கியம். வாடகைக்கு எடுக்கும்போதும் பலகையின் நிறத்தைக் கவனியுங்கள். ஓட்டுநருடன் என்றால் மஞ்சள் பலகை, நாமே ஓட்டுவதென்றால் மஞ்சள் எழுத்துடன் கறுப்புப் பலகை. வெள்ளைப் பலகை வண்டியை மலிவாகத் தருகிறேன் என்பவரிடம் எடுத்து, விபத்து நேர்ந்தால், காப்பீடு கைவிரிக்கும்.

அரசுகளும் இந்தக் கனவை விற்கத் தொடங்கியிருக்கின்றன. கேரளம் 2021இல் கேரவன் சுற்றுலாவுக்கென ஒரு கொள்கை அறிவித்து, அடுத்த ஆண்டு வாகமணில் ஒரு கேரவன் பூங்காவையும் திறந்தது. தமிழகத்தின் 2023ஆம் ஆண்டுச் சுற்றுலாக் கொள்கையிலும் கேரவன் இடம்பெற்றிருக்கிறது. நல்லது. ஆனால் நான்கு நாட்களில், பழனி வரை போய் நத்தம் வரை திரும்பிய பாதையில், மின்சாரம் செருகவும் கழிவை இறக்கவும் ஏற்பட்ட இடம் ஒன்றைக்கூட நாங்கள் காணவில்லை. கண்டதெல்லாம் "உள்ள எந்த நடிகர் சார்?" என்று ஓடிவந்த பிள்ளைகளைத்தான். கேரவன் என்றால் நம் ஊரில் படப்பிடிப்பு. அத்தை இறங்கியதும் அவர்கள் முகத்தில் தெரிந்த ஏமாற்றத்தை அவர் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார். கொடைக்கானல் ஆசையைக் கைவிடாதவர்களுக்கு ஒரு தகவல்: 2024 மே முதல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி மலைக்கு இ-பாஸ் முறை வந்தது, அந்த ஆண்டு நவம்பரில் 12 மீட்டருக்கு மேல் நீளமான பேருந்துகளுக்குத் தடையும் விதிக்கப்பட்டது. பேருந்து அளவு வண்டியைக் கனவு காண்பவர்கள் முதலில் அளவுநாடாவை எடுக்கட்டும்.

நியாயமாக ஓர் எதிர்வாதம் உண்டு. நண்பர் அதைச் சொல்லவில்லை, மாமா சொன்னார். வாடகை வண்டி பலர் கைபட்டு நைந்தது, அதன் குறைகளைப் பார்த்து நாம் வாங்கப்போகும் புதிய வண்டியை எடை போடலாமா என்று. சரியான கேள்வி. அதற்கு அவரே ஒரு வழியும் கண்டார். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் நடுவே கோடு கிழித்து, இடப்பக்கம் 'இந்த வண்டியின் குறை', வலப்பக்கம் 'எந்த வண்டியிலும் இருக்கும் குறை' என்று தலைப்பிட்டார். கதவு சரியாகச் சாத்தவில்லை, இடப்பக்கம். பழைய பேட்டரி, இடப்பக்கம். இரவு நிறுத்த இடமில்லை, வலப்பக்கம். கழிவுப்பெட்டி, நீண்ட யோசனைக்குப் பின், வலப்பக்கம். வாடகைக்கு எடுப்பவர்கள் அனைவருக்கும் இந்த நோட்டை நான் பரிந்துரைக்கிறேன். இடப்பக்கம் எவ்வளவு நீண்டாலும் பணத்தால் தீரும்.

மகிழ்ச்சியே இல்லை என்று சொன்னால் அது பொய். மூன்றாம் நாள் இரவு நத்தம் பக்கம் தூரத்து உறவினர் ஒருவரின் மாந்தோப்பில் நிறுத்தினோம். பம்புசெட்டுக்கான இலவச மின்சாரத்தைத் தொடக்கூடாது என்று மாமா கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் வீட்டிலிருந்து ஒயர் இழுத்தோம். தோப்புக்காரரின் மனைவி கம்பங்கூழும் மோர்மிளகாயும் கொண்டுவந்தார். காய் முற்றிய மரங்களுக்கு அடியில் காற்று வந்தது. அத்தைக்குக் கயிற்றுக்கட்டில் கிடைத்தது. ஓட்டுநருக்கும் ஒன்று. மாமாவும் நானும் களத்தில் பாய் விரித்தோம். அந்தப் பயணத்தில் நாங்கள் நன்றாகத் தூங்கிய ஒரே இரவு அதுதான். பன்னிரண்டாயிரம் ரூபாய் வண்டி, எங்கள் பைகளை மட்டும் வைத்துக்கொண்டு, விளக்கணைந்து தோப்போரம் நின்றிருந்தது.

இதைக் கேட்டுவிட்டு நண்பர், "ஆக உங்கள் மாமாவின் கனவைக் கொன்றுவிட்டீர்கள்" என்றார். இல்லை. மாமா முன்பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். ஐப்பசி மழையில் ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று வேறொருவரிடம் விலை கேட்டுக்கொண்டிருக்கிறார். இம்முறை அத்தையும் விசாரிப்பில் சேர்ந்திருக்கிறார். நிபந்தனைகள் அவருடையவை: சமையல் ஒருவேளைதான், மற்ற வேளைகள் ஓட்டல், பெட்டியைத் தூக்க மாமாவே வரவேண்டும். நோட்டின் வலப்பக்கத்தில் கடைசியாக அத்தையின் கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறது: "டிரைவர் தம்பி எங்கே படுக்கும்?" எதிரே மாமா பென்சிலால் ஏதோ எழுதி, அழித்திருக்கிறார்.