'எதாவது வேணும்னா கூப்பிடு'... கீமோவில் இருக்கும் தோழிக்கு இது போதுமா?

மூன்றாவது கீமோ முடிந்து ஒன்பது நாள்கள்தான் ஆகின்றன. முடி கொட்டிவிட்டது. வாயெல்லாம் புண், மோர் சாதம்கூட இறங்கவில்லை. அந்த நேரத்தில் ஊரிலிருந்து போன் வருகிறது... 'அப்பா போயிட்டாரு.' புற்றுநோய் சிகிச்சையில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு இப்படி ஒரு செய்தி வந்தால், அவருடைய நெருங்கிய தோழி என்ன செய்ய முடியும்?

'எதாவது வேணும்னா கூப்பிடு' என்பதுதான் பலரும் சொல்வது. அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால், என்ன வேண்டும் என்று யோசிக்கவே தெம்பில்லாதவர் யாரையும் கூப்பிடுவதில்லை. அவர் கேட்பதற்கு முன்பே ஒரு வேலையைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொள்பவர்தான் அப்போது தேவை.

முதல் போன் டாக்டருக்கு!

கீமோ எடுத்த 7 முதல் 14 நாள்களுக்குள் பலருக்கு ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்துவிடும். கிருமித்தொற்று எளிதில் பிடித்துக்கொள்ளும் நாள்கள் அவை. துக்க வீட்டிலோ கூட்டம், கட்டிப்பிடித்து அழுகை. எனவே, அப்பாவின் முகம் பார்க்கப் போகலாமா என்பதை உறவினர்கள் முடிவு செய்யக் கூடாது. சிகிச்சை தரும் மருத்துவரிடம் கேட்க வேண்டும். அந்த போனைத் தோழியே செய்யலாம்.

'போகலாம்' என்று மருத்துவர் சொன்னால், வண்டி, மாஸ்க், குடிக்கக் கொதிக்கவைத்து ஆறவைத்த நீர், கூட்டத்திலிருந்து தள்ளி காற்றோட்டமான இடத்தில் ஒரு நாற்காலி என எல்லாவற்றையும் முன்பே ஏற்பாடு செய்யலாம். 'வேண்டாம்' என்றால், வீடியோ காலில் காட்ட அங்கே ஒருவரிடம் சொல்லிவைத்துவிட்டு, இங்கே அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளலாம்.

கையில் ஒரு தெர்மாமீட்டர் இருக்கட்டும். காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், 'அலைச்சல்தான்' என்று மாத்திரை போட்டுக் காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வார்த்தைக்கு ஒரு காவல்

'உன்னை நினைச்சு நினைச்சே போயிட்டாரு மனுஷன்...'

துக்கம் கேட்க வரும் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் இருப்பதில்லை. அப்பாவின் மரணத்துக்குத் தன் நோய்தான் காரணமோ என்று அந்தப் பெண் மாதக்கணக்கில் மருகுவதற்கு இந்த ஒரு வரி போதும். தோழி சண்டை போடத் தேவையில்லை. 'பெரியம்மா, அவ மாத்திரை போடுற நேரம். வாங்க, நாம வெளியே போய்ப் பேசலாம்' என்று எழுப்பி அழைத்துப் போனால் போதும். பிறகு, தனியாக இருக்கும்போது, 'உன்னால எதுவும் நடக்கலடி' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

'அழாதே, உடம்புக்கு ஆகாது' என்றும் தடுக்க வேண்டாம். அப்பாவைப் பற்றி அவர் பேசினால், கேட்டுக்கொண்டிருக்கலாம். தூக்கமின்மையும் விரக்தியும் நாள்கணக்கில் நீடித்தால், மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற டெலிமானஸ் எண்ணை இலவசமாக அழைக்கலாம்.

காரியம் முடிந்த பிறகு...

16-ம் நாள் காரியம் முடிந்ததும் உறவினர்கள் ஊர் திரும்பிவிடுவார்கள். ஆனால், அடுத்த கீமோ தேதி காத்திருக்கும். இதுவரை மருத்துவமனைக்கு ஃபைலைத் தூக்கிக்கொண்டு உடன் வந்தவர் அந்த அப்பாவாகவே இருந்திருக்கலாம். அந்த இடத்தை யார் எடுத்துக்கொள்வது?

நண்பர்கள் நாள் பிரித்துக்கொள்ளலாம். ஒருவர் ஃபைலோடு உடன் போய், டாக்டர் சொல்வதைக் குறித்துக்கொள்ளலாம். ஒருவர் பிள்ளைகளை டியூஷனில் விடலாம். ஒருவர் செவ்வாய், வெள்ளிகளில் சூடாகச் சமைத்துக் கொடுக்கலாம்.

சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை போன்ற இடங்களுக்கு வெளியூரிலிருந்து ரயிலில் வருபவர்கள் உண்டு. சிகிச்சைக்காகப் பயணிக்கும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர் வகுப்பில் முழுக் கட்டணச் சலுகையும், உடன் செல்பவருக்கு 75 சதவிகிதச் சலுகையும் உண்டு. மருத்துவமனையில் அதற்கான சான்றிதழை வாங்கி, முன்பதிவு கவுன்டரில் வரிசையில் நிற்பதும் ஒரு உதவிதான்.

இதையெல்லாம் செய்ய முடியாத தூரத்தில் இருப்பவர்கள், வாரம் ஒருமுறை ஒரு மெசேஜ் அனுப்பலாம்: 'இன்னிக்கு உன் நினைப்பு வந்துச்சு. பதில் போட வேண்டாம். ஞாயித்துக்கிழமை நானே கூப்பிடுறேன்.'

ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் கூப்பிட வேண்டும்.