புத்தகம் போட எந்தக் கம்ப்யூட்டர்?

பணி ஓய்வுக்குப் பிறகு ஒரு புத்தகமாவது போட்டுவிட வேண்டும் என்று பலருக்கும் ஆசை. ஊர்க்கதையோ, அம்மாவின் கைப்பக்குவமோ, முப்பது வருட வகுப்பறை அனுபவமோ, எழுத விஷயம் இருக்கிறது. உட்காரும்போதுதான் குழப்பம்: விண்டோஸா, மேக்கா, லினக்ஸா?

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத பழைய லேப்டாப் வைத்திருப்பவர்கள், புத்தகத்துக்காகவே புதிது வாங்க வேண்டுமோ என்று யோசிக்கிறார்கள். வேண்டாம் என்பதுதான் என் பதில்.

தமிழ்த் தட்டச்சு மூன்றிலும் வரும். தமிழ்99, ஆங்கில எழுத்தில் ஒலிப்படி தட்டுவது இரண்டுக்குமே வழி இருக்கிறது. மேக்கில் 'அஞ்சல்' விசைப்பலகை கூடவே வருகிறது. லினக்ஸில் ஐபஸ் என்ற மென்பொருளை ஒருமுறை அமைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

சிக்கல் அச்சகத்தில்தான் ஆரம்பிக்கிறது. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு வந்தது 2001-ல். அதற்கு யூனிகோட் தெரியாது. ஆனாலும் பழகிய கை விடுவதில்லை. அதில் பக்கம் அமைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நீங்கள் தரும் யூனிகோட் கோப்பைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றித்தான் அவர்களால் வேலை செய்ய முடியும். மாற்றும்போது சில எழுத்துகள் உடையும். நீங்கள் புரூஃப் பார்த்துத் திருத்துவீர்கள். அந்தத் திருத்தமெல்லாம் அவர்கள் கோப்பில் ஏறும். உங்கள் கோப்பு பிழையோடு அப்படியே கிடக்கும். இரண்டு வருடம் கழித்து மின்னூலாக்க நினைத்தால் மறுபடி முதலிலிருந்து புரூஃப்! அதனால் ஒவ்வொரு திருத்தத்தையும் உங்கள் யூனிகோட் கோப்பிலும் அன்றன்றே போட்டுவிடுங்கள்.

இன்னொரு தொல்லை எழுத்துரு. விண்டோஸில் நிர்மலா, மேக்கில் இணைமதி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்த எழுத்துரு உண்டு. ஒன்றில் அமைத்த கோப்பை இன்னொன்றில் திறந்தால் எழுத்துரு மாறி, வரிகள் நகர்ந்து, பொருளடக்கத்தின் பக்க எண்கள் எல்லாம் தப்பாகிவிடும். 'நோட்டோ செரிஃப் தமிழ்' இலவசம், மூன்றிலும் ஓடும். புத்தகத்துக்கு அதையே வைத்துக்கொண்டு, அச்சகத்துக்கு எழுத்துரு உட்பொதித்த பிடிஎஃப் கொடுத்தால் பாதித் தலைவலி போயிற்று.

பக்கம் அமைக்க? கதை, கட்டுரை, நினைவுக்குறிப்பு மாதிரி வெறும் எழுத்தாக இருக்கும் நூலுக்கு லிப்ரே ஆஃபீஸ் தாராளமாகப் போதும். மூன்று அமைப்பிலும் காசில்லாமல் கிடைக்கிறது. பொருளடக்கம், அடிக்குறிப்பு, பிடிஎஃப், இபப் எல்லாம் வரும். கலர் படங்கள் நிறைந்த குழந்தைகள் புத்தகம் என்றால் நான் இன்டிசைன் பக்கம்தான் சாய்வேன். அது லினக்ஸில் ஓடாது; சந்தாவும் கட்ட வேண்டும். அதில் 'வேர்ல்ட் ரெடி கம்போஸர்' என்பதைத் தேர்ந்தெடுக்க மறந்தால் 'கொ' மூன்று துண்டாக நிற்கும். லினக்ஸுக்கு ஸ்கிரைபஸ் இருக்கிறது. இலவசம்தான், பழகப் பொறுமை வேண்டும்.

ஆக, வீட்டில் மேக் இருந்தால் அதுவே போதும். விண்டோஸ் 11 இருந்தால் அதை விட்டு நகரத் தேவையில்லை. பழைய லேப்டாப் என்றால் லினக்ஸ் மின்ட் போட்டுப் பாருங்கள். முதலில் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, பிரின்டர் வேலை செய்கிறதா என்று தெரிந்துவிடும். நிரந்தரமாகப் பதிவதற்கு முன், பேரன் பேத்தி போட்டோ உட்பட எல்லாவற்றையும் வேறு இடத்தில் நகலெடுத்துவிடுங்கள்.

முழு நூலையும் அச்சுக்குத் தருமுன் கொ, கௌ, க்ஷ, ஸ்ரீ எல்லாம் வருகிற மாதிரி இரண்டு பக்கம் மட்டும் அந்த அச்சகத்திலேயே எடுத்துத் தரச் சொல்லுங்கள். உடைந்த எழுத்து இருந்தால் அதிலேயே தெரிந்துவிடும்.